சோளகம் அடைத்த கதவு

இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊரான கொண்டச்சிக்குத் திரும்பிய பிறகு ஸஜானா தையல் மெஷினை நம்பியே இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தாள். கடலுக்குப் போய்வந்த கணவர் பவ்ஸான் பாரிசவாதம் வந்து, பேச்சும் குழறி, கட்டிலோடு கிடந்தார். தண்ணீர்கூட அவருக்கு மெதுவாகத்தான் இறங்கும். எதையும் அவளே பக்கத்திலிருந்து பருக்குவாள்.

அவருடைய அறை ஜன்னல் கடல் பக்கம். கண்ணாடி உடைந்து கம்பி மட்டும் மிச்சம். போன ஆனியில் சோளகக் காற்று விடாமல் அடித்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் ஸஜானாவின் வலது கை அப்போது மாக்கட்டில் இருந்தது.

ஒருநாள் பகல் பாதிக் கஞ்சி பருக்கியிருந்தபோது, பின்வளவில் ஆடு புகுந்த சத்தம் கேட்டது. வாயில் இருந்ததை அவர் விழுங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்து போனாள். பின்கதவைத் திறந்ததும் அறைக் கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. உள்ளே அவர் இருமினார்.

ஓடிவந்து தள்ளினாள். கதவு இரண்டு விரல் அளவு உள்ளே போய்த் திரும்பி அறைந்தது. யாரோ உள்ளிருந்து முதுகால் முட்டுக்கொடுப்பது போலிருந்தது. தோளால் இடித்தாள். மாக்கட்டு வெடித்தது.

"இஞ்சாருங்கோ! என்னவும் சொல்லுங்கோ!"

இருமல் நின்றுவிட்டது.

"யா அல்லாஹ்! ஆராவது ஓடிவாங்கோ!"

பக்கத்து வீட்டு ஆசியா உம்மா பின்வாசலால் ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து தள்ளியும் கதவு விரியவில்லை. இடுக்கால் சீறிய காற்று ஸஜானாவின் முக்காட்டைப் பின்வாசல் பக்கம் இழுத்துப் பறக்கவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. ஜன்னலால் புகுந்த காற்று பின்வாசலால் வெளியேறப் பார்க்கிறது. போகிற வழியில் கதவை நிலையோடு வைத்து அழுத்துகிறது.

"மாமி, பின்கதவைச் சாத்துங்கோ!"

அது சாத்தப்பட்டதும் சீறல் அடங்கியது. அறைக் கதவு சட்டென்று இளக, ஸஜானா உள்ளே குப்புற விழுந்தாள். பவ்ஸானின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவரைச் சரித்துப் பிடித்து முதுகில் அடித்தார்கள். கஞ்சி வெளியே வந்தது. பிறகு ஒரு முனகல்.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எவ்வளவு நேரம் மூச்சு நின்றது என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு யாசீன் சூரா முழுக்க ஓதி முடிக்கிற நேரம்," என்றாள் ஸஜானா.

"ரெண்டு நிமிஷமும் இருக்காது, மகள்," என்றார் ஆசியா உம்மா.

பவ்ஸான் பிழைத்தார், ஆனால் பேச்சு முழுதாகப் போய்விட்டது. ஸஜானா அறைக் கதவைக் கழற்றி விறகுக் கொட்டிலில் போட்டாள்.

"காற்றுக்கு நீ என்ன செய்வாய்?" என்று யாரும் தேற்றினால், "பின்கதவைத் திறந்தவள் நான்தானே," என்பாள்.