என் வால்வுப் பெட்டியும் மருமகளின் கிடாரும்

அம்பத்தூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றைத் தனியாளாக நிறுத்தினேன். கள்ளிக்குப்பத்தில், நாலு தூறல் விழுந்தாலே தவளைகூட மேடு தேடுகிற பள்ளத்தில், வீடு கட்டினேன். இப்போது வெள்ளம் வந்தால் மொத்தத் தெருவும் என் மாடியில்தான் டீ குடிக்கிறது. செம்புக் கம்பி சுற்றியே மகனை இன்ஜினியர் ஆக்கினேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தோம். "இவனா? இவன் எங்கே உருப்படப் போறான்" என்று சொன்ன அத்தனை பேரின் வீட்டு ஸ்டெபிலைசரையும் நான்தான் ரிப்பேர் செய்து கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வயதில், எலக்ட்ரிக் கிடாருக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிடார் என் மருமகளுடையது. தூத்துக்குடிப் பெண். மகன் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. கல்யாணமாகி வந்தபோது நகைப் பெட்டியை என் மனைவியிடம் கொடுத்தாள். கிடார் பையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏற்றவள்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அவள் வாசிப்பதை நாங்கள் கேட்டதே இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி வாசிப்பாள். நமக்கு டிக்டிக்கென்று கம்பிச் சத்தம் மட்டும் கேட்கும், யாரோ பக்கத்து அறையில் நகம் வெட்டுவது மாதிரி.

சிக்கல் எங்கள் சபையில் ஆரம்பித்தது. பாடகர் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனாள். கொயர் மாஸ்டர் என் வயதுக்காரர், என் பழைய சிநேகிதர். கீபோர்டைத் தவிர மற்ற வாத்தியமெல்லாம் பிசாசின் உபகரணம் என்று நினைப்பவர். தலையைச் சொறிந்தார்.

"எலக்ட்ரிக் கிடாரு ஒரே இரைச்சலாச்சேம்மா. சரி, ஒண்ணு பண்ணு. இந்த வருசம் கீதபவனில வாசி. ஜனங்களுக்குப் புட்ச்சிருந்தா கிறிஸ்மஸ் ஆராதனைல உனக்கு எடம். புடிக்கலையா, மெனக்கெடாதே, பெண்கள் வரிசைல நின்னு பாடு."

கீதபவனி என்றால், டிசம்பர் மாதம் பாடகர் குழு வண்டி கட்டிக்கொண்டு சபையார் வீடு வீடாகப் போய்ப் பாடுவது. அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரே வாய்ப்பு. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடும்போது என்னிடம்தான் கேட்டாள். மகனிடம் கேட்கவில்லை, கவனிக்க.

"மாமா, ஹெட்போன் போட்டு ஊருக்கு வாசிக்க முடியாதுல்லா. ஒண்ணு வால்வு ஆம்ப் வாங்கணும். இல்லேன்னா மாடலர். எது வாங்கட்டும்?"

மாடலர் என்பது என்ன என்று காட்டினாள். ஆபீஸ் தோழியிடம் பார்ப்பதற்காக இரவல் வாங்கி வந்திருந்தாள். டிபன் பாக்ஸ் அளவு டிஜிட்டல் பெட்டி. காலால் மிதிக்கப் பட்டன்கள். உலகத்து ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையெல்லாம் கணக்காக மாற்றி உள்ளே வைத்திருக்கிறார்களாம். எது வேண்டுமோ அதை மிதித்தால் அந்தச் சத்தம் வருமாம்.

"ஆளே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது போட்டோவுக்கு எதுக்கும்மா மாலை?" என்றேன்.

வால்வு எனக்குப் பழைய சிநேகம். கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து எரியும். அந்தச் சூட்டில்தான் சத்தம் பெருகும். இளவட்டத்தில் நான் வேலை பார்த்த சவுண்டு சர்வீஸ் கடையில் எல்லாமே வால்வு செட்டுதான். "வாங்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே செய்றேன்" என்றேன். என் மனைவி ரசக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

"போச்சுடா. மாட்னியா? போன தபா இப்டித்தான் மிக்சி செய்றேன்னு கெளம்பி, சட்னி சீலிங்க்குப் போச்சு."

பட்டறையில் மற்ற வேலையை ஓரம் தள்ளினேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. ரிச்சி தெருவில் சலித்து எடுத்துப் பழைய வால்வுகளைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டிக்குத் தேக்குப் பலகை. முன்பக்கத்துக்கு என் மனைவியின் மெரூன் நிறப் பட்டுச் சட்டைத் துணி, அவளைக் கேட்கவில்லை. வால்வு கிடைப்பது அரிதாயிற்றே, சீக்கிரம் உயிரை விடக் கூடாதே என்று என் சொந்த மூளையில் ஒரு டைமர் வேறு வைத்தேன். வால்வு நிதானமாக நன்றாகச் சூடேறின பிறகுதான் டைமர் சத்தத்தைத் திறந்துவிடும். இப்படி யாரும் வைப்பதில்லை என்று மருமகள் சொன்னாள். "அதான் நான் வச்சிருக்கேன்" என்றேன்.

அது முதன்முதலாகப் பேசின சாயங்காலம் இருக்கிறதே! வீட்டுக் கூடத்தில் வைத்துக் கிடாரைச் சொருகினோம். குழாயெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மலர்ந்தது. அவள் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஐயோ! அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கைதட்டியது. என் பல்செட் அதிர்ந்தது. சத்தம் வாழைப்பழம் மாதிரி உருண்டு திரண்டு வந்து நெஞ்சில் மோதிற்று. இரைச்சலே இல்லை, நல்ல குரல்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பது மாதிரி. அவள் இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். "மாமா, மாடலரைத் திருப்பிக் கொடுத்திருதேன்" என்றாள். தெருவில் அந்த நேரம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கொயர் மாஸ்டர் காலை ஊன்றி நின்று, எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

கீதபவனிக்குக் குட்டி யானை வண்டி வந்தது. வண்டியின் பேட்டரி கீபோர்டையும் மைக்கையும் தாங்கும். என் பெட்டியைத் தாங்காது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் வழியாக வயரை விட்டு அந்த வீட்டுக் கரண்டைத்தான் எடுக்க வேண்டும். பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடும் தடியர்கள் இரண்டு பேர் பெட்டியை இறக்கினார்கள். "நைனா, உள்ள இன்னா அம்மிக்கல்லா வச்சிக்கீற?" என்றான் ஒருவன். "டிரான்ஸ்ஃபார்மர்டா. அசலு. பாத்து எறக்கு" என்றேன்.

முதல் வீடு, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் வீடு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீடுகள் அதிகம், பொழுது குறைச்சல். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு பல்லவி, ஒரு சரணம்தான். பாடி, ஜெபம் பண்ணி, கேக்கை வாயில் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட வேண்டும். இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? வருஷா வருஷம் கேக் தின்றவன்தானே. ஆனால் பெட்டி செய்யும்போது ஞாபகம் வரவில்லை.

சொருகினோம். பாட்டு ஆரம்பித்தது. மருமகள் வாசிக்கிறாள், விரல் பறக்கிறது, சத்தம் இல்லை. வால்வு சாவகாசமாகச் சிவந்துகொண்டிருக்கிறது. டைமர் எண்ணிக்கொண்டிருக்கிறது. பல்லவி முடிந்தது. சரணம் முடிந்தது. பாஸ்டர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "இந்த வீட்டில் சமாதானம் உண்டாவதாக" என்றார். மருமகள் கிடாரைத் தோளிலிருந்து கழற்றப் போனாள். அந்த நேரம் பார்த்து டைமர் திறந்தது. அவள் விரல் கம்பியில் பட்டது.

க்ராஆஆங்!

ரயில்வேக்காரர் கேக் தட்டைப் போட்டார். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவன் எகிறின எகிறலில் தாடி நெற்றிக்குப் போயிற்று. தெருநாயெல்லாம் நசரத்பேட்டை வரைக்கும் செய்தி அனுப்பியது. பாஸ்டர் மட்டும் கண்ணைத் திறக்காமல் "ஆமென்" என்று முடித்துவிட்டார். அனுபவசாலி.

இரண்டாவது வீட்டிலும் அப்படியே. பாட்டுக்கு ஊமை, ஜெபத்துக்கு இடி. கொயர் மாஸ்டர் என்னைத் தனியே இழுத்தார்.

"இன்னாபா இது, உன் பொட்டி கடவுளாண்ட மட்டுந்தான் பேசுமா?"

"டைமரைக் கழட்டிட்டா சரியாப் பூடும்."

"கழட்டினா உடனே சத்தம் வருமா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. டைமர் இல்லாவிட்டாலும் வால்வு கண் விழிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் சரணம் முடிந்துவிடும். வராது என்று தலையாட்டினேன். அவர் மருமகளிடம் திரும்பினார். "போதும்மா. நீ பெண்களோட நின்னு பாடு."

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவள். பையைத் திறந்தாள். திருப்பிக் கொடுக்க மறந்த மாடலர் உள்ளேயே இருந்தது. "ஒரே ஒரு வீடு, அங்கிள். இதுவும் சரியில்லேன்னா நானே பெண்கள் வரிசைக்குப் போயிருதேன்." மைக் மிக்சரில் நேராகச் சொருகினாள். மூன்றாவது வீட்டில் முதல் அடியிலிருந்தே கிடார் கேட்டது. சின்னப் பிள்ளைகள் ஆடின. சரியான நேரத்தில் நின்றது. ஜெபத்தின்போது ஊசி விழுந்தால் கேட்கும். பாரிவாக்கம் புது ஃப்ளாட்டுகள் வரை அப்படியே போயிற்று. என் பெட்டி வண்டி மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு வந்தது, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி.

முடிவில் கொயர் மாஸ்டர் தாடையைத் தடவினார். "குறை சொல்றதுக்கு இல்ல. ஆனா ஏதோ ரேடியோல கேக்குற மாதிரி கீதும்மா. அன்னிக்கு உங்க ஊட்டு வாசல்ல ஒரு சத்தம் கேட்டேனே, அது வயித்துக்குள்ள போச்சு. ஆராதனைக்கு அது வருமா?"

நான் மார்பை நிமிர்த்தினேன். "அது நம்ம பொட்டி!"

"பொட்டி கோயிலுக்குள்ள வரக்கூடாது. ஜெபத்துல மறுபடி வெடிச்சா பாஸ்டரு என்னைப் பொதைச்சிடுவாரு. சத்தம் மட்டும் வரட்டும்."

பெட்டி இல்லாமல் பெட்டியின் சத்தம் வேண்டுமாம்! கோழி வேண்டாம், குழம்பு வேண்டும் என்கிற கதை. அவரை மடக்கலாம் என்று பார்த்தால் இன்னொரு வில்லங்கம்: எங்கள் ஆலயம் சின்னது, அங்கே சத்தத்தைக் குறைத்து வைத்தால் என் வால்வு அரைத்தூக்கத்தில் இருக்கும், அதைத் திறந்துவிட்டால்தான் பாடும். நான் யோசித்தேன். மருமகள் யோசிக்கவில்லை. "மாமா, உங்க ஆம்பை இதுக்குள்ள ஏத்தலாம்" என்றாள்.

மறுநாள் கூடத்தில் என் பெட்டியின் முன்னால் மைக் வைத்தாள். மாடலரிலிருந்து ஒரு வயர் என் பெட்டிக்கு, மைக்கிலிருந்து ஒரு வயர் மாடலருக்கு. மாடலர் என்னென்னவோ சத்தத்தை என் பெட்டிக்குள் அனுப்பும். என் பெட்டி அதை எப்படிப் பாடுகிறது என்று கேட்டு, அதே மாதிரி பாடக் கற்றுக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். கதவையெல்லாம் சாத்தி, முழுச் சத்தம் வைத்து, பட்டனை அழுத்தினாள்.

கீய்ய்ய். பொய்ய்ங். உஸ்ஸ்ஸ். பூனையைப் பிரஷர் குக்கரில் வைத்த மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டினார்.

"அண்ணாத்தே, இன்னா ஊட்ல பேய் ஓட்றீங்களா?"

"பேய் இல்லபா. பாட்டு வாத்தியாரு. டியூஷன் நடக்குது."

"யாருக்கு?"

"டிபன் பாக்ஸுக்கு!"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சத்தம் ஓய்ந்ததும் பரீட்சை. என் பெட்டியில் வாசித்ததையும் மாடலரில் வாசித்ததையும் லேப்டாப்பில் பதிந்து, இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் போட்டாள். என் மனைவிதான் நடுவர். "திரும்பி நில்லுங்க. கண்ண மூடுங்க. எட்டிப் பாத்தீங்க, ராவுக்குக் கஞ்சிதான்." முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்டேன். எனக்கா தெரியாது? "ரெண்டாவதுதான் என் பொட்டி! பெத்த பொண்ணு குரல் அப்பனுக்குத் தெரியாதா?" என்று கூவினேன்.

திரும்பினால் மருமகள் வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். மனைவி சோபாவில் சாய்ந்து கண்ணீர் வழியச் சிரிக்கிறாள். இரண்டாவது மாடலராம்.

"அப்டின்னா இன்னா அர்த்தம்?" என்றேன். "என் பொட்டி அதுக்குள்ள அப்டியே போயிருச்சுன்னு அர்த்தம். நான் சொன்னதுதான் கரெக்டு." இதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் அந்த டிபன் பாக்ஸ் எதைக் கற்றிருக்கும்?

கிறிஸ்மஸ் ஆராதனையில் அவள் முன்வரிசையில் நின்றாள். முதல் பாட்டு, முதல் அடி. வாழைப்பழம் மாதிரி உருண்டு வந்தது அந்தச் சத்தம். எனக்குக் காது குளிர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, உட்கார வேண்டிய இடத்தில் நின்றேன். ஜெபத்தில் அவள் ஒரு பட்டனை மிதித்தாள், அமைதி. ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டர் பிரசங்க பீடத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து தேடினார். "அந்தப் பெரிய பொட்டிய எங்கம்மா ஒளிச்சு வச்சிக்கீற?" அவள் காலடியைக் காட்டினாள். அவர் நம்பவில்லை, டிபன் பாக்ஸைத் தூக்கி அடியில் வேறு பார்த்தார். பிறகு, "அடுத்த வாரத்துலேர்ந்து எல்லா ஞாயித்துக்கெழமையும் வந்துரு" என்றார்.

இப்போது அவளே ஒரு மாடலர் வாங்கி, என் சத்தத்தை அதில் ஏற்றிக்கொண்டாள். ஆக, எது வாங்குவது என்று யாராவது என்னைக் கேட்டால், ஊர் சுற்ற அது, வீட்டில் உயிரோடு கேட்க இது என்பேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் என் பெட்டியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறாள். வருவதற்குள் அது சூடேறி விடுகிறது.

எல்லாம் சந்தோஷம். ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆகவில்லை. அந்த ஆராதனைப் பாட்டைச் சபையார் யூடியூபில் போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் "கிடார் டோன் பிரமாதம்" என்று எழுதியிருக்கிறார்கள். மகன் படித்துக் காட்டினான். கீழே நன்றி வரிசை இருக்கிறது. கிடார் வாசித்தவள், கீபோர்டு, மைக், கேமரா, விளக்கு, பந்தல், காலை டீ கொடுத்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். நான் இல்லை. டீ கூட இருக்கிறது, ஐயா! மருமகளைக் கேட்டால், "மாஸ்டர்தான் எழுதினாங்க மாமா, நான் சொல்லுதேன்" என்கிறாள். மாஸ்டரைக் கேட்டால், "பொட்டிதான் உள்ளயே வரலியேபா" என்கிறார்.

பெட்டி வரவில்லை, சத்தம் வந்ததா இல்லையா? அதனால் சபையாருக்கும், கொயர் மாஸ்டருக்கும், அந்த யூடியூபைக் கையில் வைத்திருக்கிறவருக்கும் இதை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். "கிடார் வாசித்தவர்" என்று மருமகள் பெயர் இருக்கும் வரிக்கு அடுத்த வரியில், "கிடாரின் சத்தத்தைச் செய்தவர்" என்று என் பெயரைப் போட வேண்டும். டீக்காரருக்குக் கீழே போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். விரலால் தள்ளிப் பார்க்காமலே கண்ணில் படுகிற இடத்தில், தமிழில், இனிஷியலோடு.