கால் ஊன்றாமல் ஒரு மலை

சைக்கிள் சங்கிலியைக் கழிவுப் பட்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார் வேலாயுதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் பட்டில் உடம்பு துடைத்துக்கொள்ளும் சைக்கிள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். தறியில் அறுந்து விழும் இழைகளையெல்லாம் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். காலையில் தறிக்குழிக்குள் இறங்குவதற்கு முன் ஒரு சுருளை எடுத்து, சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவார். தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா? "இன்னாபா, வண்டிக்குப் பொண்ணு பாத்துட்டியா?" என்பார்கள். "உன் ஊட்டுப் பக்கம் எதனா லேடீஸ் சைக்கிள் இருந்தா சொல்லு" என்று இவரும் தலை நிமிராமல் பதில் சொல்வார்.

ஆள் குட்டை. பனியனுக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய காலையோ வாங்கி மாட்டிய மாதிரி ஆடுசதை திரண்டு நிற்கும். இருபது வருஷமாகக் குழித்தறி மிதித்த கால்கள் அவை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரபிக்கடலிலிருந்து வங்காள விரிகுடாவுக்கு சைக்கிளில் வருகிறார். கேட்டபோது நானும் நம்பவில்லை.

தை அமாவாசை அன்று தறிக்கு ஓய்வு. அன்று கிளம்புவார். மற்றவர்கள் வெளியூர்ப் பயணத்துக்கு நிலா வெளிச்சமுள்ள நாட்களைப் பார்ப்பார்கள். இவர் தறி ஓய்கிற நாளைப் பார்ப்பதால் காட்டுப் பாதையில் கும்மிருட்டுதான் கிடைக்கிறது. அரக்கோணத்தில் ரயிலேறி, சைக்கிளை கார்டு பெட்டியில் போட்டுக் கோழிக்கோட்டுக்குப் போவார். அங்கே முன்சக்கரத்தைக் கடலில் நனைத்துவிட்டு, மலையேறி, மைசூர், பெங்களூர், வேலூர் என்று வந்து மாமல்லபுரத்தில் மறுபடியும் நனைப்பார். "நீங்கள் இங்கிருந்து புறப்பட்டு அங்கே போனால் என்ன?" என்று கேட்டேன். "ஊட்டப் பாத்து வந்தாத்தான் டீச்சரம்மா மிதி தானா வரும். ஊட்ட வுட்டுப் போவ சொல்ல வராது" என்றார்.

வீட்டைப் பார்த்து வருகிறாரே தவிர, வீட்டுக்குள் வருவதில்லை. வழியில் காஞ்சிபுரம் வரும்போது சொந்தத் தெருவில் நுழைவார், சொந்த வாசலைக் கடப்பார், நிற்கமாட்டார். கடல் பாக்கியிருக்கிறதே! அவருடைய மனைவி நீலாம்பாள் செம்பில் மோர் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, ஓடிக்கொண்டே கொடுப்பாள். "நூறு மைலுக்கு அந்தாண்ட இருக்குற டீக்கடையில எறங்குவாரு. பொண்டாட்டி ஊட்டுல எறங்கமாட்டாரு" என்பது அவளுடைய நிரந்தர மனு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் மலையே ஏற வேண்டாம் என்று நான் படித்த படிப்பைக் காட்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டார். "அது மலையில்லமா, மலைக்கு சந்து." அவருக்குக் கோழிக்கோட்டைத் தாண்டியதும் வரும் மலைப்பாதையான தாமரச்சேரிச் சுரம்தான் மலை. ஒன்பது கொண்டைஊசி வளைவு. ரோடுகளைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் தறிக் கணக்குதான். கிருஷ்ணகிரிச் சாலை "அடிச்ச சேலை மாதிரி வழவழன்னு இருக்குது." குண்டலுப்பேட்டைப் பக்கம் "ஊடை நூலு தூக்கிக்கினு நிக்குது, நெய்தவன் கையில கெடைக்கணும்."

கூடப் போகிறவர் பக்கத்துத் தாமல் கிராமத்துத் துரைக்கண்ணு. ஏரிப் பாசனத்தில் நெல்லும் நாலு எருமையும் உள்ளவர். கனத்த சரீரம். மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ளுவதில் அவருக்கு எந்த வெட்கமும் கிடையாது. வேலாயுதத்துக்கு உண்டு. ஒரே ஒரு முறையாவது கால் ஊன்றாமல் அந்தச் சுரத்தை ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. "நான் நெய்யற சேல எங்கெங்கியோ போவுது. கடக்காரன் பேருதான் அதுல இருக்குது. இது ஒண்ணாவது நான் பண்ணதா இருக்கட்டுமே" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது.

மூச்சு போதாமலோ கால் வலித்தோ அவர் தோற்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். அவர் தோற்பது காதால். பட்டு இழை அறுந்தால் சின்னதாக ஒரு சத்தம் வரும். நமக்குக் கேட்காது, நெசவாளிக்குக் கேட்கும். கேட்ட மறுகணம் கால் மிதியை விட்டுவிடும். விடாவிட்டால் சேலை நெடுகக் கோடு விழுந்துவிடும். போன வருஷம் ஏழாவது வளைவில் ஒரு காய்ந்த சுள்ளி டயருக்கடியில் 'படக்' என்றது. கால் தரையில். அதற்கு முந்தின வருஷம் யாரோ ஒரு லாரி கிளீனர் முறுக்குக் கடித்தானாம்.

"கை கேட்டாலும் கேக்கும், இந்தக் கால் பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தவரை நீலாம்பாள் விடவில்லை. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு அவர் ஊடை நூல் ஓட்டும் நாடா போட்டால் கரைக்கு அவள் நாடா போட வேண்டும். அவர் போய்விட்டால் தறி மொத்தமும் நின்றுபோகும். "இந்த வருசம் கடசி. ஏறினா வருசா வருசம் போய்க்கோங்க, நான் ஏன்னு கேக்கல. கால ஊணினா வண்டி துரைக்கண்ணு அண்ணனுக்குப் பால் கேன் சுமக்கப் போயிடணும்." துரைக்கண்ணு உடனே சைக்கிளின் காரியரை அமுக்கிப் பார்த்தார். வேலாயுதம் ஒத்துக்கொண்டார். முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

இப்படிக் கெடு வைத்தவளேதான் அவருக்குப் பயிற்சியும் கொடுத்தாள். மார்கழி முழுக்க, தறிக்கான பாவு நூலைத் தெருவில் யாரும் நீட்டி விரிக்காத நேரத்தில், வேலாயுதம் மேலும் கீழும் சைக்கிள் விடுவார். வீட்டுக்கு வீடு நின்று பெண்கள் சுள்ளி உடைப்பார்கள். நீலாம்பாள் பொரித்த அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அசந்திருக்கும்போது பார்த்து நொறுக்குவாள். "அப்பளந்தான்! மிதிங்க!" முதல் வாரம் ஒவ்வொரு அப்பளத்துக்கும் கால் தரையைத் தொட்டது. அந்த வாரம் அவர்கள் வீட்டில் தினமும் நொறுங்கிய அப்பளம் போட்ட குழம்பு. மாதக் கடைசியில் நானே முதுகுக்குப் பின்னால் ஒரு அடிஸ்கேலை உடைத்துப் பார்த்தேன். காது மட்டும் விடைத்தது, கால் நிற்கவில்லை. ஸ்கேல்தான் நஷ்டம்.

"இவ்ளோ அப்பளம் நொறுக்கிட்டு, ஏறினாரா இல்லையான்னு வாய்ச்சொல்ல நம்பறதா?" என்று நீலாம்பாளும் கிளம்பினாள். அவளுக்குத் துணையாக நான். ரயிலில் நாலு பேரும் போனோம். மறுநாள் அவர்கள் இருவரும் கடலில் சக்கரம் நனைத்து மிதிக்கத் தொடங்க, நாங்கள் பஸ் பிடித்துச் சுரத்தின் உச்சியில் போய் இறங்கினோம். சாலையோரத் தடுப்புச் சுவர் ஓரமாக நின்றால் கடைசி வளைவுகள் கீழே தெரியும். ஒரு டீக்கடையும், நிறையக் குரங்குகளும். நீலாம்பாள் டீ வேண்டாம் என்றுவிட்டாள். எதுவும் இறங்காது என்றாள்.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். சாலையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக தறி நாடா போல வளைந்து வளைந்து வந்தது ஒரு சைக்கிள். பக்கத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு துரைக்கண்ணு. இருவரும் ஒரே வேகம்தான். "நான் நடக்குற வேகத்துல மிதிக்கிறதுக்கு எதுக்குபா சைக்கிளு?" என்று துரைக்கண்ணு கேட்பது மேலே வரை கேட்டது. வேலாயுதம் ஹேண்டில்பாரின் மேல் குனிந்து மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஏதோ மலையாளத்தில் உற்சாகப்படுத்தினார்கள்.

கடைசி வளைவு. அங்கேதான் அந்தச் சத்தம். சுள்ளியுமில்லை, முறுக்குமில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் முறிந்துபோயிற்று. துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. சீட் ஒரு பக்கமாகச் சாய, வேலாயுதத்தின் வலது கால் மிதியை விட்டு வெளியே வந்துவிட்டது. தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. நீலாம்பாளின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. பால் கேன் சவாலை வைத்தவளே இவள்தான். ஆனாலும் சுவர்மேல் எட்டிப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்:

"அப்பளந்தாங்க! மிதிங்க!"

பச்சைப் பொய். ஆனால் கால் அதை நம்பியது. மிதிக்குத் திரும்பிப் போயிற்று. உடைந்த சீட்டில் உட்கார முடியாமல் எழுந்து நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, வளைவைச் சுற்றி, மேட்டைத் தாண்டி, சமதரைக்கு வந்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குரங்குகளைத் தவிர எல்லோரும் கைதட்டினோம்.

வந்தவர் நிற்கவில்லை. டீக்கடையை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. "எறங்குபா, முடிஞ்சிடுச்சு!" என்று துரைக்கண்ணு மூச்சு வாங்கியபடி கத்தினார். "எறங்கினா ஊணணுமே!" என்றார் வேலாயுதம். மூன்றாவது சுற்றில் நீலாம்பாள் குறுக்கே போய் நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள். அவர் இடது கையை அவள் தோளில் ஊன்றிக்கொண்டார். இரண்டு காலும் மிதியிலேயே இருந்தன.

கடைக்காரர் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து நீட்டினார். வேலாயுதம் வலது கையால் வாங்கி, ஊதிப் பாதியைக் குடித்தார். பிறகு, இரண்டு கையும் வேலையாக இருக்கிற மனைவியைப் பார்த்து, கிளாஸை அவள் உதட்டருகே கொண்டுபோனார். நடுரோடு, லாரிக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலாம்பாள் என்னை ஒரு தரம் பார்த்தாள், பிடியை விடாமல் கழுத்தை நீட்டிக் குடித்தாள்.