குதிக்கிறவனுக்காகக் காத்திருந்த தேசம்மா

மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கி கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சலீம் பாய் போன் செய்தார். "முரளி, தேசம்மா பூட்டாங்கப்பா. காலைல தான். ஊர்ல தொழில் நிறுத்தம்னு சொல்லிட்டாங்க." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல இனி ஆள் இல்லை என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இதை மறைத்து எழுதினால் தேசம்மாவே தன் படத்துக்குள்ளிருந்து சிரிப்பார்.

எங்கள் குப்பத்தில் யார் இறந்தாலும் அன்றைக்கு ஒருவரும் ஏரியில் இறங்கக் கூடாது. அன்று வலை கட்டும் முறை யாருக்கு வந்திருந்ததோ, அவருக்கு அது போனது போனதுதான். பதில் நாள் கிடையாது. தேசம்மா அக்கா இறந்த நாளில் இறால் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. முறை என் நைனாவுடையது. படகில் ஏற்றிய வலையை இறக்கிப் போட்டுக்கொண்டே, "செத்தும் குத்துறா பாரு" என்றாராம். அம்மா சொன்னாள். தேசம்மாவைப் பற்றி நைனா வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

படத்திறப்பில் படிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொண்டு வா என்றார் சலீம் பாய். பழவேற்காடு பஜாரில் அவருடைய செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறையில், அந்த வீடியோ கேம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தேசம்மாவிடம் தோற்காதவர் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், அவரை எழுதச் சொல்வோம். யாரும் தூக்க மாட்டீர்கள். ஆகையால் நானே எழுதுகிறேன். நல்ல வார்த்தை வரும்போது வரட்டும்.

அவர் அந்தக் கடைக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று வருடா வருடம் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வதைப் பாடு என்போம். பாட்டில் பேர் இருப்பவன்தான் எங்கள் ஊரில் மனிதன். அக்காவின் வீட்டுக்காரர் எல்லப்பன் மஞ்சள் காமாலையில் போனார். ஒரே ஒரு பெண் குழந்தை, கோமதி. கருமாதி முடிந்த மறுநாளே பஞ்சாயத்தில் எல்லப்பன் பேரை வெட்டினார்கள். வெட்டச் சொன்னவர் ஊர்த்தலைவர், அதாவது என் நைனா. "ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஏரியில இன்னா வேலை?" என்று கேட்டார்.

வலை இல்லாமல் போனதும் அக்கா கரையோரச் சேற்றில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கத் தொடங்கினார். ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து போகிற வேலை. வலைக்காரர் வீட்டுப் பெண்கள் அதைச் செய்வதில்லை. எங்கள் ஊர்ப் பெண்களே அவரைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். ஒரு நாள் அவருடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு சேற்றுக் காலோடு பாய் கடைக்கு வந்தார். பாய் போனைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னறையில் நாங்கள் சண்டை விளையாட்டு ஆடுவதைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் கோல் வெச்சினு கீற பொண்ண ஏன் யாரும் எடுக்க மாட்றீங்க?" என்று கேட்டார்.

"அது வேஸ்ட்டுக்கா. அடி கம்மி" என்றேன்.

"அத எனக்குக் குடு."

அந்தப் பாத்திரத்துக்கு விளையாட்டில் என்னவோ ஒரு பேர் உண்டு. நாங்கள் கோல்காரி என்றுதான் சொல்வோம். மெலிந்த பெண், கையில் ஆள் உயரத்தைவிட நீளமான கோல். அவளுடைய ஒரு குத்துக்கு எதிராளியின் உயிர்க்கோடு நகக்கண் அளவுதான் குறையும். ஆனால் அவளிடம் இல்லாத குத்து இல்லை. முட்டிக்குக் கீழே குத்துவாள், நெஞ்சில் குத்துவாள், குத்திய வேகத்தில் கோலை இழுத்துக்கொண்டு தடுக்கத் தயாராகிவிடுவாள். கிட்டே போய்விட்டால் காலை வாரிவிடுவாள். தலைக்கு மேலே குதித்து வந்தால் கோல் செங்குத்தாக மேலே வரும். எங்கள் எல்லோருக்கும் பெரிய அடி அடிக்கும் ஆட்களைத்தான் பிடிக்கும். என் ஆள் ஒரு குண்டன். உயரக் குதித்து ஆளின் மேலேயே விழுவான். விழுந்தால் பாதி உயிர் காலி, கடையே கத்தும். தேசம்மா ஆடும்போது யாரும் கத்தியதில்லை. கத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. குத்து, பின்னால் ஒரு அடி, குத்து, மறுபடி குத்து. சுற்றுக்கான நேரம் தீரும்போது அவருக்கு ஒரு நகக்கண் அளவு உயிர் அதிகம் இருக்கும்.

"பெருசா அடிக்கிறவன் பெருசா ஓட்டை வுடுவான். நா சின்னதா தான் அடிப்பேன்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "கோவம் வந்தவன் குதிப்பான். குதிச்சவன் காலு தரையில இல்ல. அப்பால அவன் இன்னா பண்ண முடியும்?"

கோபம் எப்படி வரவைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. கோல் மட்டும் குத்தாது, வாயும் குத்தும். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கேள்வி. "பொண்ணு வூட்ல இன்னா சொன்னாங்க?" குத்து. "பையன் கறுப்புன்னாங்களா?" குத்து. "கறுப்பு ஒண்ணும் இல்லடா, மூஞ்சி தான்." குத்து. ரிட்டயர் ஆன பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பொழுதுபோகாமல் கொஞ்ச நாள் வந்து ஆடினார். அவரைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "சார், உங்க புள்ள போன் பண்றாரா?" என்று கேட்டார். வாத்தியாரின் விரல்கள் பட்டனில் அப்படியே நின்றன. மகன் அவரோடு பேசுவதில்லை என்பது பஜாருக்கே தெரியும். அந்த ஆட்டத்தை அக்கா ஜெயித்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவர் திரும்ப வரவே இல்லை. "ஏங்கா அப்படி கேட்டீங்க?" என்று பாய் கேட்டதற்கு, "பின்ன ஜெயிக்க வாணாமா?" என்றார். இறந்தவரைப் பற்றி இதையெல்லாம் சொல்லலாமா என்று யாராவது முணுமுணுத்தால், நான் இன்னும் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் நாங்கள் போய்க்கொண்டேதான் இருந்தோம். நான் தினமும் போனேன். அவரை ஒரு தடவையாவது வீழ்த்தாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என்னை மட்டும் தனியாகக் கவனித்து அடிக்கிறார் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. வருடக்கணக்கில் தோற்றவனுக்கு இப்படிப்பட்ட பெருமைகளெல்லாம் வரும்.

ஒரு வருடம் சீட்டில் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் எனக்கு விழுந்தது. இறால் பருவத்தில் அதைவிட நல்ல இடம் ஏரியில் இல்லை. சந்தோஷத்தோடு கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள். அக்கா என் குண்டனைக் குத்திக்கொண்டே, "சீட்டு உனுக்கு வுழுந்துச்சா, உங்க நைனா எடுத்துக் குடுத்தாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உன் கையால ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு காட்டு. நா கோல கீழ போட்டுட்டுப் போறேன்."

"இந்த வருஷத்துப் பாட்ட வெச்சே ஆடறேன். தோத்தா உனுக்கு!" என்று கத்தினேன்.

அக்கா கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்தார். "இன்னொரு தபா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்." நான் மறுபடியும் சொன்னேன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் அன்று நன்றாகவே ஆடினேன். கடைசிச் சுற்றில் நேரம் தீரப்போகும்போது எனக்குத்தான் உயிர் அதிகம். தடுத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன். அப்போது அக்கா குத்துவதை நிறுத்திவிட்டார். கோல்காரி அசையாமல் நின்றாள். அவர் டிவியைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஜெயிச்சுட்ட போல கீதே" என்றார். கடை முழுக்க வேடிக்கை பார்க்கிறது. சும்மா நின்று ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை. குதித்தேன். கோல் மேலே வந்தது.

தோற்றதோடு போயிருந்தால் ஒரு பருவம் போயிருக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை அக்கா எல்லையம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்தைக் கூட்டிப் பிராது கொடுத்தார். என் பாடு தனக்கு வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. பாட்டை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, பந்தயத்தில் வைக்கக் கூடாது, வைத்தவன் பேரை வெட்ட வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. "முரளி பந்தயம் வெச்சான். சாட்சி கீது. கட்டுப்பாடு இன்னா சொல்லுதோ அத செய்யுங்க" என்றார்.

"ஆடனது நீயும் தானே? உனுக்கும் தண்டனை உண்டு" என்றார் ஒரு பெரியவர்.

"வெட்டுங்களேன். ஏரியில எனக்கு இன்னா கீது, வெட்டறதுக்கு?"

நைனா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லப்பன் பேரை வெட்டிய அதே வாயால் என் பேரையும் வெட்டச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் அத்தனை நாளும் அவர் குத்தியது என் குண்டனை அல்ல. நான் கோபப்பட்டு ஒரே ஒரு முறை குதிக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சேற்றுக் காலோடு தினமும் வந்து உட்கார்ந்திருந்தார்.

வெட்டிய பேரைத் திரும்பச் சேர்க்க ஒரு வழி உண்டு. பிராது கொடுத்தவரே சபையில் எழுந்து, போகட்டும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் சீட்டுக் குலுக்கும் முன் தேசம்மாவைக் கேட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் "வாணாம்" என்றார். நான் மீஞ்சூரில் வேலைக்குச் சேர்ந்தேன். என் படகு கரையில் கவிழ்ந்தே கிடந்தது. இதில் கேவலம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடையில் நான் அவரோடு ஆடிக்கொண்டுதான் இருந்தேன். "இன்னா மூஞ்ச தூக்கி வெச்சினு கீற, குந்து" என்பார். உட்காருவேன். அவர் அளவுக்கு ஆட அந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

சிறுநீரகம் கெட்டு அவர் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, ஒரு வார்த்த சொல்லிடு. எனக்கு ஏரி வேணும்." அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"எனக்கு சாவு வந்தா உனுக்கு ஏரி வந்துருமா?" என்றார். பிறகு, "ஜூஸ் வாங்கியாந்தியா?" என்று கேட்டார். கொடுத்தேன். குடித்தார்.

அவருடைய கருமாதி முடிந்த மறுநாள் பஞ்சாயத்து கூடியது உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்தது எல்லோருக்கும் தெரியாது. நைனாதான் பேச்சை எடுத்தார். "பிராது குடுத்தவங்க இல்ல. அவங்க எடத்துல அவங்க பொண்ணு ஒரு வார்த்த சொன்னா போதும். முரளி பேர சேத்துரலாம்." பொன்னேரியில் மருந்துக் கடையில் வேலை செய்யும் கோமதி எழுந்தாள்.

"நா சொன்னா செல்லுமா?"

"செல்லும்."

"எப்டி செல்லும்?"

"நீ வாரிசாச்சேம்மா."

"அத எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

நைனாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் நான் ஏரிக்குத் திரும்பவே முடியாது. சொன்னால் எல்லப்பன் பேரை வெட்டியது தப்பு என்றாகிவிடும். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணும் வாரிசு தான்" என்று உரக்கச் சொன்னார்.

"அப்ப எங்கப்பா பாட்ட எனக்குக் குடுங்க" என்றாள் கோமதி.

எல்லப்பன் இருந்த இடத்தில் கோமதி பேரைச் சேர்த்தார்கள். எங்கள் ஏரியில் முதல் முறையாக ஒரு பெண்ணின் பேர். நைனா குரல் இறங்கி, "முரளி பேரு?" என்று கேட்டார். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாணாம்" என்றாள்.

சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் எழுந்து கத்துவேன், மண்ணை வாரித் தூற்றுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. குதிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படத்திறப்பில் இந்த இடத்தில், அவரிடமிருந்து நான் பொறுமையைக் கற்றேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது வழக்கம். தேசம்மா அக்கா எனக்கு விட்டுப்போனது ஆத்திரம். மாலை போட்டு அதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, வைத்திருக்கப் போகிறேன். அடுத்த சீட்டுக் குலுக்கலின்போது கோமதியைக் கேட்பார்கள். நானும் அங்கே இருப்பேன். அவள் என்ன சொன்னாலும், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.