நாலு மூலையிலும் மஞ்சள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் கோர்ட்டுக்குப் போய்வந்த காலத்திலேயே பேர் எடுத்தவள் நான். கனடாவுக்கு வந்த பிறகு அது குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சட்டத்தரணியாக நின்று வழக்குப் பேசியவள், ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தால் கோபம் வராமல் வேறென்ன வரும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு. நான், என் கணவர், மூன்று வயது மகள், என் கணவரின் தாய். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. இங்கே திரும்பவும் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் ஊர்ப் படிப்பு காணாது, சில பாடங்களை மறுபடி படி என்றார்கள். படித்தேன். இனி ஒரு சட்டத்தரணியிடம் ஒரு வருடம் வேலை பழகி, மாகாணத்தின் சட்டத்தரணிப் பரீட்சைகளையும் எழுதவேண்டும். அந்த இரண்டுக்கும் சேர்த்து, சட்டத்தரணிகளைப் பதியும் அலுவலகத்துக்கு ஒரே விண்ணப்பம்.

காலை வேலை முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசைதான் என் படிப்பறை. எதிரே சோபாவில் மாமி இருந்து வீடியோவில் படம் பார்ப்பார். மகள் அவருடைய மடியில் நித்திரை. படம் ஓடும், சத்தம் வராது. ரிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியாமல் இருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். காட்டிக்கொடுக்கலாம்தான். ஆனால் சத்தம் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது, பேசாமல் விட்டுவிட்டேன். அந்தச் சின்னப் புத்தியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமிக்கு நான் படிப்பது பிடிக்கவில்லை என்பதுதான் என் முடிவு. "இவ்வளவு படிச்சது காணாதே, இன்னும் என்ன படிப்பு," என்று ஒருநாள் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அந்த ஒரு வசனத்தை இரண்டு வருடமாக மனதில் கட்டி வைத்திருந்தேன்.

விண்ணப்பத்தோடு போகவேண்டியவற்றில் ஒன்று கொழும்பிலிருந்து வந்த கடிதம். நான் அங்கே பதிவு பெற்ற சட்டத்தரணி, என்மேல் ஒரு முறைப்பாடும் இல்லை என்று முத்திரை குத்திய கடிதம். எத்தனையோ பேரைப் பிடித்து, எட்டு மாதம் காத்திருந்து எடுத்தது. எல்லாத் தாள்களையும் பெரிய கவர் ஒன்றில் வைத்து, ஒட்டாமல் மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒட்டித் தபாலில் போட்டவர் என் கணவர்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, கொழும்புக் கடிதம் திரும்பி வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். வடிவாகக் குழைத்து விரலால் தொட்டு வைத்த மஞ்சள். வலது பக்கக் கீழ் மூலையில் முத்திரையின் மை ஊறி, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. முத்திரை தெளிவாக இல்லை, கடிதத்தில் ஏதோ செய்யப்பட்டிருப்பதுபோல் தெரிகிறது, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் புதிய கடிதம் தராவிட்டால் இந்த வருடம் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று கூடவே ஒரு குறிப்பு. இரண்டு நாளில் கொழும்பிலிருந்து புதுக் கடிதம் எங்கே எடுப்பது? எனக்கு வேலை பழக இடம் தருவதாகச் சொன்ன சட்டத்தரணிக்கு அந்த வருடம் ஆள் தேவை. நான் இல்லாவிட்டால் இன்னொருவர். பிறகு எனக்கு யார் இடம் தரப்போகிறார்கள்?

நான் கத்தின கத்தில் மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

"இது என்ன கலியாணக் கார்டோ மாமி, மஞ்சள் பூசுறதுக்கு? என்ரை வாழ்க்கையையெல்லோ நாசமாக்கிப் போட்டியள்."

மாமி சோபாவை விட்டு எழும்பவில்லை. "நல்ல காரியத்துக்குப் போற கடிதம். வெறுமனே அனுப்பலாமோ பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் நடுவில் வந்தார். "கறி ஊத்துப்பட்டதெண்டு சொல்லுமன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நாலு மூலையிலும் அளவெடுத்து ஊத்துப்படுற கறி எந்த ஊரிலை கிடக்கு?" என்று கேட்டேன். அவர் குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை, கடிதத்தைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். கறிக் கதையைத்தான் மனதில் தயார்பண்ணி வைத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தார், வயதான குரல். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலுக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.  பூசியவர் யாரோ அவரே அதைச் சத்தியக்கடதாசியாக எழுதிக் கையெழுத்து வைக்கட்டும், கடிதத்தையும் அதையும் நாளைக்கு நேரில் கொண்டுவா, எனக்கு மேலே உள்ளவரிடம் நானே கொண்டுபோகிறேன் என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. விதி இது, முடியாது என்று போனை வைத்திருக்கலாம். அந்த முகம் தெரியாத மனுசிக்கு என் வாழ்நாளெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாமியைக் கூட்டிக்கொண்டு எனக்கு இடம் தருவதாகச் சொன்ன சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனேன். மாமி கோயிலுக்குக் கட்டும் சேலை, அதற்கு மேலே மகனுடைய தடித்த ஜக்கெற், நெற்றி நிறையத் திருநீறு.  அந்த வெள்ளைக்காரர் விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "நீயே எழுது. பழகத்தானே வரப்போகிறாய்," என்று என்னைத் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருத்தினார். இந்த நாட்டில் நான் எழுதிய முதல் சத்தியக்கடதாசி என் மாமியுடையது.

என் காரியத்துக்கு நானே மொழிபெயர்க்கக் கூடாது. அந்த அலுவலகத்தில் வேலை செய்த மன்னார்ப் பிள்ளை ஒருத்தி நான் எழுதியதை வரிவரியாகத் தமிழில் மாமிக்குச் சொன்னாள். மாமி ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். மூன்றாவது பந்தி வந்தது. விண்ணப்பகாரிக்குத் தெரியாமல், தவறுதலாக மஞ்சள் பூசினேன் என்று எழுதியிருந்தேன்.

மாமி கையைத் தூக்கினார். "தவறுதலா எண்டு போடாதையுங்கோ."

"மாமி, அப்பிடிப் போட்டாத்தான் நல்லது," என்றேன்.

"தவறி ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை. தெரிஞ்சுதான் பூசினனான். நீ லோயரா வரவேணுமெண்டு நேர்ந்துதான் பூசினனான். சாமி அறியச் செய்ததை வேண்டுமெண்டு செய்யேல்லை எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். பொய்ச் சத்தியம் பண்ணி உனக்கு அந்த வேலை வரவேண்டாம்."

மன்னார்ப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.  வேண்டுமென்று பூசினார் என்று எழுதினால் பதிவு அலுவலகத்தில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இரண்டு வருடமாக நான் கட்டிவைத்த அந்த ஒரு வசனம் பொடிப்பொடியாகப் போனது இன்னொரு பக்கம். அவள் மொழிபெயர்த்ததைக் கேட்ட சட்டத்தரணி, "அவர் சொல்கிறபடி எழுது," என்றார். தாளை மாற்றி, மூன்றாவது பந்தியைத் திரும்ப அடித்தேன்: என் மருமகள் சட்டத்தரணியாக வரவேண்டும் என்ற விருப்பத்தோடு, தெரிந்தே, எங்கள் வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் பூசினேன். மாமி தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, கையெழுத்து வைத்தார்.

ஸ்ரீட்கார் என்கிற தெருத் தண்டவாள வண்டியில் நகரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேரப் பின்னேரம் மூன்றரை மணியாகிவிட்டது. போனில் பேசிய பெண் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு முழுவதையும் வாசித்தார். மூன்றாவது பந்தியை இரண்டு தரம். தலையை நிமிர்த்தி மாமியைப் பார்த்தார், நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், கடிதத்தின் மூலையைப் பார்த்தார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் நாற்பது நிமிடம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.  மாமி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் திரும்பி வந்து, ஏற்றுக்கொண்டார்கள் என்றார்.

"என்னவாம்?" என்று மாமி கேட்டார்.

"எடுத்திட்டினமாம்."

"எடுக்காமல்," என்றார் மாமி, ஜக்கெற்றின் சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டே.

திரும்பி வரும்போது, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "ரிமோட்டிலை சத்தம் கூட்டக் காட்டித் தரட்டோ மாமி?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும். நீ படிக்கேக்கை சத்தம் போடலாமோ? இன்னும் என்ன படிப்பெண்டு நான் ஒருநாள் அவனிட்டைப் பேசினதும், படிச்சுப் படிச்சு உனக்குத் தலை வெடிக்கப்போகுதெண்டுதான்," என்றார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம். வேலை பழகியதும், பரீட்சைகளும், எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையும் சத்தமில்லாத படங்களுமாகவே போயின. கடைசிப் பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டேன் என்ற கடிதம் வந்த அன்று, மாமி அடிக்கடி பார்க்கும் படத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எத்தனையோ தரம் அவர் சத்தமில்லாமல் பார்த்த படம். கதாநாயகன் கப்பலில் ஏறப்போகும் இடத்தில் திரும்பித் தன் தாயிடம் ஏதோ சொல்லுவான். மாமி குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஓ," என்றார். "உவன் இதையோ சொன்னவன்."