சத்தம் போடாத கார்டு

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போர்டுக்காரருக்கு வாய் துறுதுறுக்கும். எந்தக் கம்பெனி புது சிப் விட்டிருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு இன்னும் தயாராகவில்லை என்று தள்ளிப்போயிருக்கிறது, எந்தப் பொருள் விலை ஏறப்போகிறது என்று பல் தேய்க்கும்போதே கைபேசியில் பார்த்து முடித்திருப்பார். பார்த்ததை யார் காதிலாவது கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் காதுக்குத்தான் பக்கத்துக் கடைத் தையல்காரர் இருந்தார்.

போர்டுக்காரர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ரேடியோ, டிவி என்று பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கம்ப்யூட்டர் வந்தது. மற்ற மெக்கானிக்குகள் அதைத் தொடவே பயந்தார்கள். இவர் ஒரு செத்த பெட்டியை வாங்கி வந்து, பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்து, தானாகவே கற்றுக்கொண்டார். யாரும் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. தந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு கதை. பெட்டிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான போர்டைப் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று வந்த பட்டப்பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. டாக்டரும் வக்கீலும்கூட அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் வாங்கப் போவார்கள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். இருந்தும் யாரும் முகம் சுளித்ததில்லை.

அவர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒரே வார்த்தை: "பொறுங்க." அடுத்த மாதம் புதுசு வருகிறது, பழையது விலை இறங்கும், பொறுங்க. அடுத்த மாதம் வந்ததும் அதற்கடுத்த மாதம் இன்னொன்று வரும், பொறுங்க. தையல்காரர் சாயங்காலம் மிஷினை மூடிவிட்டுக் கார் பந்தய விளையாட்டு விளையாடுகிறவர். விளையாட்டுப் படத்தைத் திரையில் திக்காமல் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்க அவர் பொறுத்த பொறுமையில் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

போர்டுக்காரர் வீட்டில் அவர் மருமகளும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். மகன் வெளியூர் வேலையில். மருமகள் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு விளையாட்டுகளுக்கான படங்கள் வரைந்து தந்தாள், நிரந்தரமில்லாத வேலையாக. அதோடு, தன் சொந்த முயற்சியில் முழு விளையாட்டு ஒன்றையும் கட்டியிருந்தாள். மழை கொட்டும் ஊரில் ஒரு பூனை தன் வீட்டைத் தேடிப் போகும். தகரக் கூரையில் விழும் துளி வேறு, சேற்றில் விழும் துளி வேறு என்று அவ்வளவு நுணுக்கம். கம்பெனி அதைப் பார்க்க ஆசைப்பட்டது. திங்கட்கிழமை காலை வீடியோவில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கும் நிரந்தர வேலை. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புருஷன் இருக்கும் ஊருக்குப் போய் ஏதாவது ஆபீஸில் சேர வேண்டியதுதான். அவளுக்கு இந்த வேலை வேண்டும். போர்டுக்காரருக்கு அவள் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அந்த மழையைத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் புதுசு வருகிறது, புதுசு வருகிறது என்று இழுத்தடித்தார். தேதி கழுத்தைப் பிடித்த பிறகுதான் சாமான் வாங்கினார். போன வருஷத்துக் கார்டு. "இந்த விலைக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல" என்று தையல்காரரையும் அதே கார்டை வாங்க வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மருமகளின் அறையில் புதுப் பெட்டியின் பாகங்களைப் பூட்டினார். வேலை முடியும் நேரத்தில் தையல்காரரிடமிருந்து போன். புதுக் கார்டு ஒன்று அறிவித்திருக்கிறார்களாம், அவசரப்பட்டு வாங்கிவிட்டோமோ என்று கேட்டார். போர்டுக்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அது பழைய சரக்குக்குப் புது டப்பா என்று ஒரு பிரசங்கமே செய்தார். பேசிக்கொண்டே மேஜைக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் தடவித் தடவி எல்லா வயர்களையும் செருகினார். கைக்குத் தெரியாத இடமா?

சுவிட்சைப் போட்டார். பெட்டி எழுந்தது. பூனை நடந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

"சத்தம் கேக்குதாம்மா? கேக்காது. அதுதான் நான் பொறுக்கின கார்டு."

மருமகள் விளையாட்டை ஓட விட்டாள். மழை தொடங்கியது. நான்கு துளி விழுந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம் விழுந்தது, மறுபடி நின்றது. பூனை ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் தொங்கியது.

"பழைய பெட்டியே இதுக்குத் தேவலாம் போல இருக்கே மாமா," என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். நினைவகத்தைப் பிடுங்கித் துடைத்து மாட்டினார். கார்டை அழுத்திப் பார்த்தார். மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் மழை விழுந்தது, நின்றது. கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தார். வைத்த காபி ஆறிப்போனது. "ஏங்க, நடக்கறதுன்னா வெளியிலயாவது நடங்க, எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி. மருமகள் சத்தம் காட்டாமல் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள், மெஷினில் கோளாறு, தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று. முடியாது, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அதை அவரிடம் காட்டவில்லை. ஆனால் அவள் நகம் கடிப்பதைப் பார்த்தே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கடைக்குப் போனார். அங்கே போயும் கை சும்மா இருக்கவில்லை. திருப்புளியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். தையல்காரர் வந்து மருமகளின் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தக் கார்டு குப்பை. அதைப் புகழ்ந்து எழுதினவனெல்லாம் கைநீட்டி வாங்கிக்கொண்டு எழுதினவன். தன்னையே ஏமாற்றிவிட்டார்கள் என்றால் மற்றவன் கதி என்ன?

தையல்காரர் முகம் செத்துவிட்டது. அவர் கார்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் போர்டுக்காரர் குப்பை என்று சொன்ன பிறகு அதை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு ஓடினார். கார்டைக் கழற்றினார். எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் விற்றுவிட்டு, கிடைத்த காசை வாங்கிக்கொண்டு வந்தார். "நல்லவேளை, நீங்க சொன்னீங்க அண்ணே," என்று நன்றி வேறு.

எதிர்க்கடைக்காரர் வயதில் இளையவர். கண்ணாடிக் கதவு, கலர் விளக்கு, ஏசி. அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று போர்டுக்காரர் சபதமே போட்டிருந்தார். காரணம் கேட்டால், அங்கே கம்ப்யூட்டருக்குப் பவுடர் பூசி விற்கிறான் என்பார்.

மத்தியானத்துக்கு மேல் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு கார் மழைச் சாலையில் பறந்துகொண்டிருந்தது. சக்கரத்திலிருந்து தண்ணீர் பிசிறு பிசிறாகத் தெறித்தது. எங்கேயும் நிற்கவில்லை. பக்கத்தில் மூடியில்லாத பெட்டி. அதற்குள் தையல்காரரின் கார்டு.

பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் சபதமாவது மண்ணாவது என்று தெருவைத் தாண்டி அந்தக் கதவைத் தள்ளினார்.

"வாங்கண்ணே. வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

 போர்டுக்காரர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். கார்டின் இரண்டு விசிறிகளும் உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"இந்தக் கார்டு சத்தம் போடுதே?"

"வேலை செய்யற கார்டு சத்தம் போடாம என்ன பண்ணும்? சும்மா உக்காந்திருந்தாத்தான் விசிறி நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா என்றால், தெரியும். எத்தனையோ பேருக்கு அவரே சொன்ன விஷயம் அது.  வந்த வேகத்தில் வெளியேறினார். தன் கடையைப் பூட்டினாரா இல்லையா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள் அறைக்குப் போய் மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். டார்ச் அடித்துப் பெட்டியின் முதுகைப் பார்த்தார். திரைக்குப் போகும் வயரைச் செருக அங்கே இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது போர்டின் துளை. கணக்கு எழுத, கடிதம் அடிக்க அது போதும். கீழே இருப்பது கார்டின் துளை. வயர் மேலே இருந்தது. அவ்வளவு நேரமும் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அவர் பெட்டியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாரே தவிர முதுகைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரில் அரிச்சுவடி படிக்கிறவன் செய்கிற தப்பு. அவன் செய்தால் இவர் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வயரைப் பிடுங்கிக் கீழே செருகினார். தலையை மேஜையில் இடித்துக்கொண்டே வெளியே வந்தால், வாசற்படியில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மாமா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உள்ளுக்குள்ள கொஞ்சம் சரி பண்ணேன்."

அவள் ஒரு தடவை பெட்டியின் முதுகைப் பார்த்தாள், ஒரு தடவை அவர் நெற்றியைப் பார்த்தாள். பிறகு விளையாட்டை ஓட விட்டாள். விசிறி உர்ரென்றது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பூனை கூரைக்குக் கூரை தாவியது. மாமியாரே அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, துணி காயப்போட்டிருக்கிறேனே என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். போர்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி ஒரு பக்கம், நன்றி சொல்லிவிட்டுப் போன தையல்காரரின் முகம் இன்னொரு பக்கம்.

திங்கட்கிழமை காலை அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கம்பெனி அம்மா வீடியோவில். வெளியே இவர், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. மழை பெய்து முடிந்தது, பூனை வீடு போய்ச் சேர்ந்தது. கம்பெனி அம்மாவின் குரலில் சந்தோஷம் தெரிந்தது. இவ்வளவு அழகாக ஓடுகிறதே, கோளாறு என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன என்று கேட்டார்.

"அது என் தப்பு மேடம்," என்றாள் மருமகள். "வயரை மாத்திச் செருகிட்டேன்."

போர்டுக்காரர் எழுந்துவிட்டார். அப்படியே விட்டிருக்கலாம், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் வாழ்நாளில் தன் கை வேலையை இன்னொருவர் பெயரில் எழுத விட்டதில்லை. நல்லதையே விடவில்லை என்றால் கெட்டதை மட்டும் எப்படி விடுவது? கதவைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இந்தப் பெட்டியைப் பூட்டினது நான். அந்த வயரைத் தப்பாச் செருகினதும் நான்தான். இவளுக்குப் படம் போடத் தெரியும், வயர் பக்கம் கையே வைக்க மாட்டா. இவ பேர்ல அதை எழுதாதீங்க."

மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கம்பெனி அம்மா ஒரு நொடி திகைத்துவிட்டுச் சிரித்தார். வேலை உறுதி, கடிதம் வரும் என்றார். "அந்தப் பெட்டியை மட்டும் அவர் கண்ணுல படாம வச்சுக்கோங்க," என்றும் சொன்னார். மனைவி அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

"நான் சமாளிச்சிருப்பேனே மாமா," என்றாள் மருமகள் பிறகு.

"நீ எதுக்குச் சமாளிக்கணும்?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ இங்கதானே இருக்கப் போற?" என்று கேட்டார். அவள் தலையாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார்.

தன் கடை ஷட்டரைத் தூக்கக்கூட இல்லை. தையல்காரர் தலை நிமிர்வதற்குள் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

"தையல்காரர் கார்டைக் கழட்டுப்பா. நான் வாங்கி அவருக்கே குடுத்துடறேன்."

"குப்பைன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னது குப்பை. கார்டு நல்லாத்தான் இருக்கு. கழட்டு."

எதிர்க்கடைக்காரர் நிதானமாக நாற்காலியில் சாய்ந்தார். வாங்கினதற்கு இரண்டு பங்கு விலை சொன்னார். போர்டுக்காரர் பேரம் பேசவில்லை, பர்ஸை எடுத்தார். எதிர்க்கடைக்காரருக்கே என்னவோ போல ஆகிவிட்டது.

"ஏண்ணே இவ்வளவு அவசரம்? பொறுங்க. அடுத்த மாசம் விலை இறங்குமே."

போர்டுக்காரர் கண்ணாடி வழியே பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னால பொறுக்க முடியாது," என்றார். அவரே திருப்புளியை எடுத்துக் கார்டின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார்.