காய்ந்த பிறகு பார்த்த கற்கள்: பத்மாவதி அக்கா நினைவாக

செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. பிலிமத்தலாவையில் என் வீட்டு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் பத்மாவதி அக்காவின் தம்பி ரவி.

"அக்கா போயிட்டாங்க, கமலாக்கா. தூக்கத்துலேயே" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "மெஷின் ஓடுதா?" என்று கேட்டேன். அவர் அறைக்குள் போய்ப் பார்த்தார். பிறகு, "ஓடுது. நிப்பாட்டவா?" என்றார்.

"வேணாம். நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம்."

அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மஹய்யாவயில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, எழுபத்தொரு வயதில் காலமானவர். கண்டியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தார். நான் அங்கே இலிகிதர். எங்கள் மேசைகள் ஒட்டியிருந்தன. கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிப்பார். வெள்ளை மை பூசிச் சமாளிப்பது அவருக்குப் பிடிக்காது. சிரிக்காமல் கிண்டல் செய்வார். மேலதிகாரி உட்பட ஒருவரையும் விட்டுவைத்ததில்லை.

வீட்டில் அவர் செய்தது கற்களுக்கு மெருகேற்றுவது. டவுனில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்த ரஹீம் நானா, தமக்கு வந்த கற்களில் கழித்துப் போட்ட ஜாஸ்பரையும் அகேட்டையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். "இத வெச்சி என்ன செய்யப் போறீங்க, தங்கச்சி? லேசுல மினுங்காது. பொல்லாத கல்லு" என்று எச்சரித்தாராம். அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் பட்டி மாட்டி, உட்புறம் டயர் ரப்பர் ஒட்டிய தகர டின் ஒன்றை உருளவிட்டார். கல்லும் தண்ணீரும், கல்லைத் தேய்க்கும் சொரசொரப்பான கருந்தூளும் சேர்ந்து இராப்பகலாக உருளும். இரண்டு வாரம் கருந்தூள், பிறகு அதைவிட மெல்லிய தூள், அதன் பிறகு மாப்போன்ற தூள், கடைசியில் மெருகுக்கு வெள்ளைத் தூள். ஒவ்வொரு தடவையும் கல்லையும் டின்னையும் ஒரு துகள் மிஞ்சாமல் கழுவ வேண்டும்; முந்தின தூள் ஒட்டியிருந்தால் அடுத்த உருட்டலில் கீறல் விழும். அகேட் விளிம்பில் வெடிக்கும். ஜாஸ்பரில் மென்மையான பாகம் முதலில் கரைந்து குழி விழும். அந்தக் குழிக்குள் கருந்தூள் ஒளிந்துகொள்ளும். பக்கத்து வீட்டார் சத்தத்தைப் பற்றி முறையிட்டபோது மெஷினைத் தம் கட்டிலடிக்கே மாற்றிவிட்டார். நித்திரை வருகிறதா என்று கேட்டேன். "சத்தம் நின்னாதான் முழிப்பு வருது" என்றார்.

கழுவிய ஈரத்தில் கற்கள் பளபளப்பதைப் பார்த்து நான் ஒவ்வொரு முறையும் வாய் பிளப்பேன். அக்கா துணியில் பரப்பிவிட்டு, "ஈரத்துல எல்லாம் அழகுதான், கமலா. காஞ்ச பொறகு பாருங்க" என்பார்.

மாத்தயா என்று நாங்கள் மரியாதையாக அழைத்த பியசேன, எங்கள் பியூன். அவர் ஓய்வு பெறும் நாளுக்காக, சிவப்பு ஜாஸ்பரில் வெள்ளை அகேட் கோடு ஓடும் ஒரு கல்லை அக்கா இரண்டு மாதம் உருட்டினார். வெள்ளைத் தூளுக்கு முந்திய கழுவல் வந்த சமயம் அக்காவுக்குக் கண்ணில் புரை அறுவை. கழுவும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். குழாயடியில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. ஒன்று கருந்தூளுக்கானது, மற்றது இந்தக் கழுவலுக்கென்று வாங்கிய புதிது. புதுசை அழுக்காக்குவானேன் என்று பழையதால் தேய்த்தேன். கந்தோரில் பென்சிலைக் கட்டையாகும் வரை தேய்த்துப் பழகிய கை.

வெள்ளைத் தூளில் எட்டு நாள் உருண்டு வந்த கற்கள் காய்ந்ததும் மேலெல்லாம் மெல்லிய கீறல். அக்கா பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். "டின்ன நான்தான் சரியா கழுவல போல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அத்தனையையும் மறுபடி கருந்தூளில் போட்டார். பிரியாவிடை நாளில் வெறுங்கையோடு நின்றார். இரண்டு மாதம் கழித்துப் பல்லேகலைக்குப் பஸ் ஏறிப்போய், மாத்தயாவின் வீட்டில் அந்தக் கல்லைக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். "மிஸ், இது கல்லா, கண்ணாடியா?" என்று அவர் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸிலாவது சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடமாகச் சொல்லவில்லை.

அக்கா போன அன்று டின்னில் மாப்போன்ற தூள் உருண்டுகொண்டிருந்தது. மஹய்யாவ மயானத்தில் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் நான் டின்னைத் திறந்தேன். அன்று நான் கெடுத்த அதே கழுவல். குழாயடியில் இரண்டு பிரஷ்கள். ஒன்றின் காம்பில், நிறம் மங்கிய சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"அந்த நூல் கட்டினத தொடாதீங்க. அது கருந்தூளுக்கு" என்றார் ரவி.

"எப்ப இருந்து நூல் கட்டுறாங்க?"

"பியசேன மாத்தயாட கல்லு கெட்டுப்போச்சே, அப்ப இருந்து. கருந்தூள் பிரஷ்ல மாத்தூள் சேறு புதுசா ஒட்டியிருந்திச்சாம், அதப் பாத்தே அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க. 'கமலா மேல தப்பில்ல, நான்தான் அடையாளம் வைக்காம விட்டேன்'னு அக்கா சொன்னாங்க. பிரஷ் மாத்துறப்ப எல்லாம் புது பிரஷ்லயும் கட்டுவாங்க."

குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அன்றே தெரியும். நான் சொல்லுவேனென்று காத்திருந்தாரோ, சொல்ல வேண்டாமென்று விட்டாரோ, இனி யாரிடம் கேட்பது. ஒவ்வொரு குழியையும் புதுப் பிரஷால் தேய்த்தேன். விரல் நுனி தோலுரிந்தது. பிறகு வெள்ளைத் தூளைப் போட்டு மூடி மெஷினை ஓடவிட்டேன். எட்டு இரவும் அக்காவின் அறையில்தான் படுத்தேன்.

கருமாதியன்று காலை கற்களைக் கழுவி அவருடைய படத்துக்கு முன்னால் துணியில் பரப்பினேன். வந்தவர்கள் ஈரத்தில் மினுங்குவதைப் பார்த்து எவ்வளவு அழகு என்றார்கள். நான் அவை காயும் வரை பக்கத்தில் இருந்தேன். படையல் எடுக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

அந்தப் பிரஷால் தேய்த்தது நான்தான், அக்கா. இந்த முறை காய்ந்த பிறகு பார்த்துவிட்டேன். ஒரு கீறலும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.