விண்ணப்பத்தில் நான் எழுதிய சொல்

மைக்கட்டியை வெந்நீரில் கரைத்தால் துருப்பிடித்த ஆணியின் வாசனை வரும்; அந்த வாசனையோடுதான் பதின்மூன்று வயதில், யாழ்ப்பாணச் சோனகதெருவில் இருந்த எங்கள் வீட்டு மேசையில் அமர்ந்து, என் மூத்த சகோதரர் சுலைமான் காக்காவுக்காக ஓர் உத்தியோக விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பினேன்.

காக்கா தென்னிலங்கைக் கரையோரத்து மதரஸா ஒன்றில் ஏழு வருடம் ஓதி, தாடியும் தலைப்பாகையுமாக அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். "ஓதினவனுக்கு ஊரெல்லாம் மரியாதை, உத்தியோகம் மட்டும் இங்கிலீசுக்காரனுக்கு" என்று வாப்பா பெருமூச்சுவிடுவார். காணி அலுவலகமான "கந்தோரில்" தமிழ் உறுதிப் பத்திரங்களைப் பார்த்துப் பிரதி எழுதும் கிளாக்கர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த என்னிடம் தாளை நீட்டினார்கள்.

படிப்பு என்ற இடம் வந்தது. காக்கா ஆவலோடு சொல்லத் தொடங்கினார்: அரபு இலக்கணம், தர்க்கம், இறந்தவர் சொத்தைப் பங்கிடும் "பராயிள்" கணக்கு. எனக்கு அவற்றை ஆங்கிலத்தில் எழுதத் தெரியவில்லை. ஆனால் அது மட்டுமல்ல காரணம். "உன்ரை லெப்பைக் காக்கா" என்று, பள்ளிவாசலில் ஓதுபவரைக் குறிக்கும் சொல்லால் வகுப்பில் கேலி செய்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வர, அதெல்லாம் ஒரு படிப்பா என்ற இளக்காரம் எனக்குள் எழுந்தது. ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதினேன்.

"ஏழு வருசத்தை இவ்வளவு சின்னதா எழுதிப்போட்டாய், தம்பி?"

"இங்கிலீசிலை சுருக்கமாத்தான் எழுதுறது, காக்கா."

அவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். கந்தோரில் அவருக்குப் பியோன் வேலை கொடுத்தார்கள். மூன்று வருடம் கட்டுக் கட்டாக உறுதிகளைச் சுமந்து மேசைக்கு மேசை வைத்தார்.

ஒருநாள் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இறந்துபோனவரின் காணிப் பங்கீட்டில் கிளாக்கர்மார் குழம்பியபோது, கதவருகில் நின்ற காக்கா மெதுவாகச் சொன்னாராம்: "இருபத்துநாலு பங்காக்குங்கோ. பெண்சாதிக்கு மூண்டு, மகள்மார் ரெண்டு பேருக்கும் எட்டெட்டு, தம்பிக்கு அஞ்சு."

மானிப்பாயிலிருந்து வரும் பெரிய கிளாக்கர் திகைத்துப்போனார். "நீர் உந்தக் கணக்கை எங்கை படிச்சனீர்?" என்று கேட்டு, பழைய விண்ணப்பத்தைத் தேடியெடுத்துக் காட்டினார். "'நில்' எண்டு, படிப்பு ஒண்டும் இல்லையெண்டெல்லோ இதிலை கிடக்கு? ஆர் எழுதினது?"

"வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைச்சது நான்தான், ஐயா" என்றாராம் காக்கா.

பொய்யும் சொல்லவில்லை, என்னையும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கிழமை எங்கள் இரும்புக்கடைக்கு வந்த பெரிய கிளாக்கர் வாப்பாவிடம் இதை வியந்து சொன்னபோது, பக்கத்தில் நின்ற நான் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளை எண்ணத் தொடங்கினேன். கிளாக்கர் இடத்துக்கு எப்போதோ வேறொருவர் வந்துவிட்டார் என்பதையும் அவர்தான் வருத்தத்தோடு சொன்னார்.

அன்று அஸர் தொழுகைக்குக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த காக்கா, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, 'நில்' எண்டால் தமிழிலை நிக்கச் சொல்லுறது. இங்கிலீசிலை என்ன?"

"ஒண்டுமில்லை, காக்கா" என்றேன்.

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். நான் உண்மையைச் சொல்வதற்கு அவர் திறந்துவிட்ட வாசல் அது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நுழையவில்லை. பின்னர் நானே ஒரு கந்தோரில் கிளாக்கரானேன். அவர் கடைசிவரை பியோனாகவே இருந்து ஓய்வு பெற்றார். பின்னேரங்களில் மட்டும் பங்குக் கணக்கோடு வீட்டுக்கு வருபவர்களுக்குச் சலிக்காமல் பிரித்துக் கொடுப்பார்.

இன்று அந்த வீடும் இல்லை, கிணற்றடியும் இல்லை. இப்போது நான் குடியிருக்கும் இடத்தில், பக்கத்து வீட்டுப் பையன் மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று, அதைக் காட்டியே ஆசிரியர் நியமனம் வாங்கிவிட்டான். செய்தி சொல்லிக் கற்கண்டு நீட்டிய அவனை மனதார வாழ்த்த வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.